தீபாவளிக்குள் வருவான் என்று சொன்னவள்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் காலை துஷ்யந்திக்கு ஒரு ஃபோன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பி அப்போது ஐந்து கிழமை ஆகியிருந்தது. கொழும்பு ஜிந்துப்பிட்டியில் அண்ணன் ஜெயகுமாரின் வீட்டு முன்னறையில், மடியில் ஒரு சுளகைப் போட்டுக்கொண்டு பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். மருந்தினால் விரல்களில் இன்னும் ஒரு நடுக்கம் இருந்தது. அதனால் அண்ணி ரதி கத்தியைத் தராமல் கையாலேயே ஒடிக்கச் சொல்லியிருந்தாள்.

ஃபோனில் ஒரு வயதான பெண்ணின் குரல். யாழ்ப்பாணப் பேச்சு.

"பிள்ளை, தீபாவளியும் போயிட்டுது. அவனைக் காணேல்லை."

யார் பேசுவது என்று துஷ்யந்தி கேட்டாள். அந்தக் குரல், நான் நாகேஸ்வரி, வெள்ளவத்தை, ஜனாவின் அம்மா என்றது. துஷ்யந்தி பிறகு எடுப்பதாகச் சொல்லி ஃபோனை வைத்தாள். வைத்த ஃபோனைப் பயற்றங்காய்களுக்கு அடியில் தள்ளி மூடினாள். அப்படியும் அது அங்கேயிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

துஷ்யந்திக்கு முப்பத்தொன்பது வயது. அப்பா அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இளவயதில் கொழும்புக்கு இறங்கி, செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்குக் காவல் இருந்தவர். அவள் பிறந்தது ஜிந்துப்பிட்டியில். சிங்களத்தை வீட்டு வாசல் ஒழுங்கையில் விளையாடிப் படித்தாள், ஆங்கிலத்தை முட்டி மோதித் தானே படித்தாள். முப்பது வயதுக்கு முன்பே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகி, தன் பெயர் பொறித்த முத்திரை ஒன்றை வாங்கினாள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், போட்டோ கொப்பி எடுக்கும் கடையின் முன்பக்கத்தில் அவளுக்கு ஒரு மேசை இருந்தது. கனடாவுக்கும் சுவிஸுக்கும் போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை எல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் போயின.

இன்னொரு வகைக் கடிதமும் அவளிடம் வந்தது. காணாமற்போனவர்களைப் பற்றித் தாய்மார் எழுதும் முறைப்பாடு. அரசாங்கத்தின் விசாரணை ஆணைக்குழு ஒன்று போய் இன்னொன்று வரும். அதே கடிதம் புதுத் திகதியுடன் திரும்பி வரும். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றைத் தட்டிக்கழித்தார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிரில் ஒருவர் அழுதுகொண்டிருப்பார், அந்த வேலையை யார் விரும்புவார்? துஷ்யந்தி விரும்பினாள் என்றில்லை, அவளுக்கு மறுக்க வாய் வரவில்லை. பத்து வருஷத்தில் இருநூறுக்கு மேல் செய்திருப்பாள். கடைசியாக அணிந்திருந்த உடை, உடம்பிலுள்ள தழும்பு, கையில் கட்டியிருந்த நூலின் நிறம் எல்லாவற்றையும் மூன்று மொழியிலும் எழுதியவள் அவள். எழுதிய எதுவும் அவளைவிட்டுப் போகவில்லை.

நாகேஸ்வரியின் கடிதங்கள் மட்டும் ஏழு. அவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கணவர் இறந்துவிட்டார். ரயில் ஓடும் கோச்சிப் பாதைக்குப் பக்கத்திலிருந்த மாடிக் கட்டடமொன்றில் நான்காம் மாடியில் தனியாக இருந்தார். மகன் ஜனாவை இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, கம்பியூட்டர் வகுப்புக்குப் போன வழியில் வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது அவனுக்கு இருபத்துநான்கு வயது. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

துஷ்யந்தியின் நோய் இந்தக் கடிதங்களுக்கு முன்பே வந்துவிட்ட ஒன்று. கல்யாணமான புதிதில், இருபத்தாறு வயதில், ஆறு மாதம் படுக்கையை விட்டு எழும்பாமல் கிடந்தாள். அடுத்த வருஷம் நேர்மாறு. உறக்கமில்லை, வாய் ஓயவில்லை, நான்கு வேலையை ஒன்றாகத் தொடங்கினாள். புருஷன் வீட்டார் அவளைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை. டொக்டர் அதற்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னார். வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. "அது" என்றார்கள். லித்தியம் குளிசையோடு அவள் பல வருஷம் நன்றாக இருந்தாள். எவ்வளவு நன்றாக என்றால், போன வருஷம் இனி இது எதற்கு என்று அவளே குறைத்து, பிறகு விட்டுவிட்டாள்.

ஆனி மாதமளவில் அது ஏறத் தொடங்கியது. இரண்டு மணி நேர உறக்கம் போதுமாயிருந்தது. பிறகு கடிதங்கள் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கின. இந்தக் கடிதத்தில் காணாமற்போன கபில நிறச் சட்டை, அந்தக் கடிதத்தில் வேறொரு பெயரோடு இருந்தது. இவர்கள் எல்லோரும் இந்த ஊருக்குள்ளேதான் வேறு பெயரில் இருக்கிறார்கள். எல்லாக் கடிதத்தையும் வாசித்த ஒரே ஆள் நான். ஆகவே கண்டுபிடிக்க வேண்டியவளும் நான்தான். அந்த எண்ணம் வந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததுமில்லை, பின் வந்ததுமில்லை.

நுகேகொடையில், ஸ்டேஷனுக்குப் போகும் சந்தொன்றில், பைகளுக்கு ஸிப் மாற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதனைக் கண்டாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு, ஜனாவுக்கு இருப்பதாகக் கடிதங்களில் எழுதியிருந்ததைப் போலவே. அங்கிருந்து நேரே வெள்ளவத்தைக்குப் போய், நான்கு மாடியும் ஏறி, நாகேஸ்வரியிடம் உங்கள் மகனைக் கண்டேன் என்று சொன்னாள். இடமும் சொன்னாள். தழும்பைச் சொன்னபோது அந்த அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நடக்கிறார் என்றபோது நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தீபாவளிக்குள் வந்துவிடுவார், நானே கூட்டிக்கொண்டு வருவேன் என்று சத்தியம் செய்துவிட்டு துஷ்யந்தி இறங்கிப் போனாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, பொரளைப் பக்கம் நடுரோட்டில் ஒரு வெள்ளை வானை மறித்துக் கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே இருக்கிறவர்களை இறங்கி ஓடும்படி மூன்று மொழியிலும் கத்தினாள். உள்ளே இருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் அலறிய சத்தம் மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. பொலிஸ் வந்தது, ஜெயகுமார் வந்தார், ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் போனது. அண்ணன் ஒழுங்கையில் எல்லோரிடமும் தங்கச்சி அட்டனுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். ஒருவரும் நம்பவில்லை; ஒருவரும் மறுத்துச் சொல்லவுமில்லை.

ஃபோன் வந்து இரண்டு நாள் கழித்து துஷ்யந்தி யாரிடமும் சொல்லாமல் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். சொல்ல வேண்டியதை மொழிபெயர்ப்பைப் போலவே மனதுக்குள் எழுதிச் சரிபார்த்திருந்தாள். கதவைத் திறந்த நாகேஸ்வரி, எதிர்பார்த்திருந்தவர் போல உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் புதுச் சாரமும் ஒரு சேர்ட்டும் கவர் பிரிக்காமல் இருந்தன. சேர்ட் பெரிய அளவு. இப்போது கொஞ்சம் உடம்பு வைத்திருப்பான் என்று நினைத்து எடுத்ததாகச் சொன்னார்.

துஷ்யந்தி நின்றபடியே சொன்னாள். தனக்கு ஒரு நோய் இருப்பதை, அது ஏறியிருந்த நேரத்தில்தான் வந்ததை, கண்டது ஜனா இல்லை என்பதை, மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூடத் தனக்கு முகமில்லை என்பதை. நாகேஸ்வரி குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒன்றை மட்டும் விசாரித்தார். தோளை எப்படி அறிந்தீர்? சின்ன வயதில் மரத்தால் விழுந்து முறிந்த தோள். படத்தில் தெரியாதே.

துஷ்யந்தியிடம் அதற்குப் பதிலில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே இல்லை.

"இப்ப குளிசை போடுறீரோ?"

"ஆமாம்மா. ரெண்டு வேளையும்."

"அண்டைக்குப் போடேல்லை."

"இல்ல."

"அண்டைக்குத்தான் பிள்ளை உமக்குக் கண் தெரிஞ்சிருக்கு." நாகேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சுகிற குரல் இல்லை அது. ஒரு கைமருந்து சொல்லிக்கொடுக்கிற குரல். "அந்தக் குளிசையைக் கொஞ்ச நாளைக்கு விட்டுப் பாருமன்."

கடற்கரைப் பக்கமாகக் கோச்சி ஒன்று போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை துஷ்யந்தி அந்தக் கையை விடுவிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் குளிசை போடவில்லை. போட்டதுபோல் அண்ணிக்குக் காட்டிவிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மருந்து அவ்வளவு சீக்கிரம் இரத்தத்தை விட்டுப் போகாது என்று டொக்டர் பிறகு சொன்னார். ஆனால் இரண்டாம் நாள் பகல், மீன் சந்தைக்குள் நிற்கும்போது, ஒவ்வொருவர் முகத்தின் ஓரத்திலும் ஒரு வெளிச்சம் தெரிவதாக அவள் நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தின் வாசனை. சந்திக்கு அந்தப் பக்கம் அது நின்று தன்னைக் கைகாட்டிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. போகத்தான் ஆசையாயிருந்தது. யாரோ ஒரு தாய்க்காகப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் சுலபமாயிருந்தது. அப்படிச் சொல்லிக்கொண்டதை அவளே கேட்டபோதுதான் பயந்தாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில் மாதம் இரண்டு தடவை ஒரு கூட்டம் நடக்கும். இதே நோயும் இதற்குப் பக்கத்து நோய்களும் உள்ளவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாய்ப் போட்டு உட்கார்வார்கள். டொக்டர் இல்லை, பிரசங்கம் இல்லை. கிளினிக்கில் ஒரு நேர்ஸ் சொல்லித்தான் துஷ்யந்தி அங்கே போகத் தொடங்கினாள். மூன்று தடவை போயும் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் போய், சேலை முடிச்சை அவிழ்த்து, குளிசைகளைப் பக்கத்துக் கதிரையில் கொட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

சொல்லி முடிந்ததும் ஒருவரும் அடடா என்று சொல்லவில்லை. பிறெடி என்பவர்தான் முதலில் பேசினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், கொட்டாஞ்சேனைக்காரர். அவருடைய மனைவி பிறிஜெற் இறந்து பத்து வருஷம். நோய் ஏறுகிற நேரத்தில் அவருக்கு மனைவியின் குரல் கேட்கும். மருந்து போட்டால் கேட்காது. அந்தக் குரலுக்காகவே இரண்டு தடவை மருந்தை விட்டிருக்கிறார்.

"கேட்டுச்சு," என்றார். "அவ குரல்தான், அதில சந்தேகமில்ல. ஆனா சொன்னது ஒண்டும் அவ சொல்ற கதையில்ல. அவ ஒரு நாளும் என்னைக் கிரேன்ல இருந்து குதிக்கச் சொல்ல மாட்டா."

எதிர்க் கதிரையிலிருந்த கைருன்னிஸா என்பவள் எழும்பிப் போய் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து, குளிசைகளில் அன்றைய பங்கை மட்டும் எடுத்து துஷ்யந்தியின் உள்ளங்கையில் வைத்தாள்.

கைருன்னிஸாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மாளிகாவத்தை தொடர்மாடியில் தையல் வேலை. இருபத்திரண்டு வருஷமாய் இந்த நோயோடு இருக்கிறாள். ஒரு தடவை அது ஏறியபோது, பெருநாளுக்குத் தைக்க வந்திருந்த பதினொரு பேரின் துணியையும் வெட்டி ஒரே உடுப்பாகத் தைத்துப் போட்டவள். அதன்பிறகு மூன்று வருஷம் தொடர்மாடியில் ஒருவரும் அவளிடம் ஒரு நூல்கூடத் தரவில்லை. கீழ்மாடி பஸ்லாதான் முதலில் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தைத்து முடிக்கத் தனக்கு ஒரு நாள் முழுக்க எடுத்தது, கை அப்படி நடுங்கியது என்று கைருன்னிஸா சிரித்துக்கொண்டு சொல்வாள்.

வெளியே வரும்போது கைருன்னிஸா கேட்டாள்: "அந்த நுகேகொடை மனுசன் யாரெண்டு இப்ப வரைக்கும் தெரியாதா ஒனக்கு?"

தெரியாது என்றாள் துஷ்யந்தி.

"அப்ப அதான் ஒன்னப் பிடிச்சிட்டு ஈக்குது. போய்ப் பாப்போம். ஒத்தைக்குப் போவாணாம், நானும் வாறேன்."

திங்கட்கிழமை இருவரும் நுகேகொடைக்குப் போனார்கள். சந்துக்குள் திரும்பும்போது துஷ்யந்தி கைருன்னிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இருக்கக்கூடாது என்று ஒரு மனம் வேண்டியது. இருந்து, அது ஜனாவாகவே இருந்துவிட வேண்டும் என்று இன்னொரு மனம். இருந்தார். குடைகளுக்கும் பள்ளிக்கூடப் பைகளுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டூலில். புருவத்தில் தழும்பு. ஐம்பதை நெருங்கிய சிங்கள மனிதர். துஷ்யந்தியைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்.

அவருக்கு அவளை நன்றாக ஞாபகமிருந்தது. நீங்கள் அன்றைக்கு என் கையைப் பிடித்து ஒரு பெயர் சொல்லி அழுதீர்களே நங்கி, என்று தங்கச்சி முறை வைத்துச் சொன்னார். ஜனா என்ற அந்தப் பெயரை அவர் மறக்கவில்லை. தனக்கு ஊர் குருநாகல் பக்கம், தழும்பு சைக்கிளால் விழுந்தது என்றார். துஷ்யந்தி சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டாள். அதற்கு அவர், அது பரவாயில்லை, பிறகு வந்த அம்மாதான் மனதைப் போட்டு வருத்திவிட்டார் என்றார்.

எந்த அம்மா என்று கைருன்னிஸா கேட்டாள்.

ஒரு தமிழ் அம்மா, வெள்ளைச் சேலை, ஆவணி மாதம் போல. எதிர்ப் பேக்கரியில் உட்கார்ந்து காலையிலிருந்து பின்னேரம் வரை இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் வந்தார். இரண்டாம் நாள் முடிவில் கிட்ட வந்து, அந்தக் கடைவரைக்கும் ஒருக்கால் நடந்து காட்ட முடியுமா என்று உடைந்த சிங்களத்தில் கேட்டார். இவர் நடந்து காட்டினார். அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பிவரும் பஸ்ஸில் துஷ்யந்தி அதையே கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாகேஸ்வரிக்கு ஆவணியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே புதுச் சேர்ட் எடுத்திருக்கிறார். தெரிந்துகொண்டே ஃபோன் செய்திருக்கிறார். குளிசையை விடச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவை நினைக்க முதல்முறையாகப் பயமாயிருந்தது.

அன்று பின்னேரமே போட்டோ கொப்பிக் கடைக்குப் போனாள். நான்கு மாதமாய் அவள் மேசை அங்கேயே இருந்தது. கடைக்காரர் யாருக்கும் கொடுக்கவில்லை. பழைய பிரதிகள் இருந்த பெட்டியை இறக்கி, நாகேஸ்வரியின் ஏழு கடிதங்களையும் எடுத்தாள். இரண்டாவது கடிதத்தின் மூன்றாம் பக்கம்: சிறுவயதில் ஏற்பட்ட முறிவினால் நடக்கும்போது இடது தோள் சற்று உயர்ந்திருக்கும். அதற்குக் கீழே அவளுடைய முத்திரை, அவளுடைய கையெழுத்து, ஒன்பது வருஷத்துக்கு முந்திய திகதி. பிறகு வந்த கடிதங்களில் அந்த வரி விடுபட்டிருந்தது. எழுதிய தாயும் மறந்துவிட்டார், மொழிபெயர்த்தவளும் மறந்துவிட்டாள்.

தோளுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் துஷ்யந்தி அந்த மேசைமேல் தலையைக் கவிழ்த்து நெடுநேரம் இருந்தாள். இத்தனை நாளும் மனதின் ஏதோ ஒரு மூலையில், ஒருவேளை நான் சரியாகத்தான் கண்டேனோ என்று ஒன்று உயிரோடு இருந்திருக்கிறது. அது போனபோதுதான் அது இருந்ததே தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் இல்லை. கைருன்னிஸாவும் துஷ்யந்தியும் வெள்ளவத்தைக்குப் போனார்கள். மூன்றாம் மாடியில் கைருன்னிஸா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைத் தனியே விட்டுப் போக முடியாமல்தான் துஷ்யந்தி அங்கிருந்து திரும்பி இறங்கவில்லை.

நாகேஸ்வரி கைருன்னிஸாவைக் கண்டு கொஞ்சம் தயங்கினார். பிறகு மூவருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். துஷ்யந்தி அந்த மூன்றாம் பக்கத்தை மேசையில் வைத்து, வரியைத் தொட்டுக் காட்டினாள். நாகேஸ்வரி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். ஓம், நான்தான் எழுதியிருக்கிறன், என்று மெல்லச் சொன்னார்.

"நீங்க நுகேகொடைக்குப் போனீங்களாம்மா?"

"போனனான்." தாளை மடித்தார், திரும்ப விரித்தார். "முதல் நாள் கண்டவுடனேயே தெரிஞ்சிட்டுது, அவன் இல்லையெண்டு. ஆனாலும் இருந்து பார்த்தனான்."

"தெரிஞ்சும் ஏம்மா எனக்கு ஃபோன் பண்ணுனீங்க?"

தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

"பதினாறு வருசம் பிள்ளை. பஸ்ஸில ஏறினா, கோயிலுக்குப் போனா, சந்தைக்குப் போனா, ஒவ்வொரு முகமாப் பாக்கிறன். முந்தி அவன்ரை அப்பாவும் பார்த்தவர். அவர் போன பிறகு நான் ஒராள்தான். மற்ற ஆக்கள் ஆறுதல் சொல்லுவினம், மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுவினம். ஒருத்தரும் பாக்கிறேல்லை. நீர் பார்த்தனீர். பிழையான ஆளெண்டாலும் பார்த்தனீர். திரும்பவும் பாப்பீரெண்டு நினைச்சன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் துஷ்யந்திக்குச் சுலபமாயிருந்திருக்கும்.

"என்னால ஏலாதும்மா," என்றாள். "நான் பாக்கத் தொடங்கினா எல்லாரையும் பாப்பேன். அதோட நான் திரும்ப அங்கதான் போவேன். அங்க இருந்து ஒவ்வொரு தடவையும் வர முடியுமான்னு எனக்குத் தெரியாது."

நாகேஸ்வரி தலையாட்டினார். குளிசையை விடச் சொன்னதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, துஷ்யந்தியும் எடுக்கவில்லை. எடுக்காமலே அது மேசையில், புதுச் சேர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்போதுதான் கைருன்னிஸா வாய் திறந்தாள். அந்தப் பிள்ளையின் படத்தில் ஒரு கொப்பி தனக்கு வேண்டும் என்றாள்.

"நான் மாளிகாவத்தையில, மருதானையில எல்லாம் நடக்கிற ஆள். பாத்துக்கொள்றேன். வருவாரு எண்டெல்லாம் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. பாக்க மட்டும் ஏலும்."

நாகேஸ்வரி எழும்பிப் போய், அலுமாரியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, அதிலிருந்த படங்களில் ஒன்றைக் கொடுத்தார். கொடுக்கும்போது படத்தைத் துடைத்துக் கொடுத்தார்.

படியிறங்கும்போது துஷ்யந்தி சண்டை பிடித்தாள். இது என்ன வேலை, திரும்பவும் ஆசை காட்டுவதா, நான் செய்ததையே நீங்களும் செய்வதா என்று கேட்டாள். கைருன்னிஸா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒரு தாய் பிள்ளையைத் தேடுவது நோயில்லை, அதற்குக் குளிசையும் இல்லை; நீ ஒருத்தி சுமந்தபடியால்தான் அது உன்னை முறித்தது என்றாள். கடைசிப் படியில் நின்று, நான் மருந்து குடித்துவிட்டுத்தான் பார்ப்பேன், பயப்படாதே என்றாள். துஷ்யந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பதும் ஒரு மாதிரியாக இருந்தது.

அது சரியா பிழையா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. பிறெடியும் ஒரு கொப்பி கேட்டு வாங்கினார். அடுத்தடுத்த கூட்டங்களில் இன்னும் இரண்டு பேர். நாகேஸ்வரி அந்த மண்டபத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் மாதத்தில் ஒரு நாள் கைருன்னிஸா நான்கு மாடியும் ஏறி, இந்த மாதம் காணவில்லை என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறாள். காணவில்லை என்பதை ஒருவர் வந்து சொல்வதே அந்த அம்மாவுக்குப் போதுமாயிருக்கிறது போலும். அல்லது போதாமலும் இருக்கலாம், அவர் சொல்வதில்லை. துஷ்யந்தி சில தடவை கூடப் போகிறாள். அந்த வீட்டில் அவளுக்கு இன்னும் நிமிர்ந்து உட்கார வராது.

அடுத்த சித்திரையில் அது திரும்பவும் மெல்ல ஏறப் பார்த்தது. மூன்று நாள் உறக்கம் குறைந்தவுடன் அவளே பிறெடிக்கு ஃபோன் செய்தாள். அவர் வந்து கிளினிக் வரிசையில் காலையிலிருந்து கூட இருந்தார். டொக்டர் மருந்தின் அளவை மாற்றினார், இரத்தம் எடுத்தார். ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டி வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்தபோது அண்ணன் ஜெயகுமார் எங்கே போனாய் என்று கேட்டார். கிளினிக்குக்கு என்றாள். அடுத்த தடவை சொல்லு துஷி, நானும் வாறேன் என்றார் அவர். ஒழுங்கையில் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்.

இப்போது அவள் பழைய மேசையில்தான் இருக்கிறாள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை. முறைப்பாட்டுக் கடிதங்களைக் கிழமைக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை. எடுத்த அன்று மாலை கைருன்னிஸாவோடு அரை மணி நேரம் கதைக்காமல் வீட்டுக்குப் போவதுமில்லை. சில நாட்களில், எழுதிக்கொண்டிருக்கும்போது ஒழுங்கையின் எதிர்ப்பக்கம் யாரோ நின்று தன்னையே பார்ப்பதாகத் தெரியும். முன்பென்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். இப்போது தலையை நிமிர்த்தாமல் எழுதுகிற வரியை எழுதி முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, பிறகுதான் பார்க்கிறாள். பெரும்பாலும் அங்கே ஒருவரும் இருப்பதில்லை.